பியூட்டிரிக் அமிலமும் சம்பந்திப் பந்தியும்

அன்புள்ள குமாருக்கு,

உனக்கு எட்டு வயது இருக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். தென்காசியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு மேலகரத்தில் இறங்கி, சாரலில் நனைந்தபடி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். "அம்மா, நாத்தம் ஒன் சேலையில இருந்துதான வந்துச்சு? நீ ஏன் சொல்லல?" என்றாய். "வேகமா நட, நனையுதோம்" என்று சொல்லி உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும், தெரியாவிட்டால் படித்துவிட்டு வந்து மறுநாள் சொல்லிவிடுவேன். என் சொந்தப் பிள்ளை கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதைக் கேட்ட பிறகு, அந்தப் பதிலைச் சொல்லாமல் உன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போக எனக்கு மனசு வரவில்லை. பொறுமையாகப் படி. முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் நடத்தியவள் சுருக்கமாக எழுதுவாள் என்று எதிர்பார்க்காதே.

அன்றைக்கு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புக்கு எஸ்டர் பாடம் நடத்த வேண்டியிருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த தோழி ஒருத்தியிடம் கெஞ்சி, கட்டைவிரல் உயரக் குப்பி ஒன்றில் பியூட்டிரிக் அமிலம் வாங்கி வைத்திருந்தேன். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், கொஞ்சம் எண்ணெய்ப் பசை. நான்கு கார்பன் மட்டுமே உள்ள சின்னச் சங்கிலி, அதன் ஒரு முனையில் அமிலம். வெண்ணெயிலிருந்து முதலில் பிரித்ததால் வெண்ணெயின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். மூடியைத் திறந்தால் ஊசிப்போன வெண்ணெயும் வாந்தியும் சேர்ந்து மூக்கில் ஏறும். வாந்திக்கு அந்த நாற்றம் வருவதற்கே இந்த அமிலமும் ஒரு காரணம். ஆனால் இதில் சில சொட்டு எடுத்து எத்தில் ஆல்கஹாலோடு கலந்து, ஒரு துளி கந்தக அமிலம் விட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்கிப் பார். கொஞ்ச நேரத்தில் குற்றாலம் பழக்கடைப் பக்கம் போனதுபோல அன்னாசிப்பழ வாசனை வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒதுங்கிய பிள்ளைகள் அந்த வாசனைக்கு முன்னால் ஓடி வருவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே வருஷா வருஷம் அந்தக் குப்பியை வாங்கினேன்.

அன்று குப்பியின் மூடி இறுகிப்போயிருந்தது. திருகியபோது வாயோரம் வழிந்தது. சாக்பீஸ் தூள் பட்டாலும் மை பட்டாலும் முந்தானையில் துடைக்கிற பழக்கம் எனக்கு. பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்: இது தோலில் பட்டால் பொத்துவிடும், கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும், ஆவியை இழுத்தால் தொண்டை எரியும் என்று. சொன்னவள் யோசிக்காமல் முந்தானையால் துடைத்தேன். இரண்டு விரல் நுனி எரிந்தது. விரலையும் முந்தானையையும் குழாயில் கழுவினேன். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் சேலையை அலசியிருந்தால் அமிலம் உப்பாக மாறி, ஆவியாகிப் பறக்கும் குணத்தை இழந்திருக்கும், நாற்றமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதுவும் நான் நடத்துகிற பாடம்தான். செய்யவில்லை. மாலைக்குள் என் மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிவிட்டது. போய்விட்டது என்றே நினைத்தேன். உன்னை உன் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சீசன் நேரம். பஸ் முழுக்கக் குற்றாலம் போகிற கூட்டம். மழைக்கு ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். நமக்கு முன் சீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் ஆளாளுக்கு மூக்கைப் பிடித்தார்கள். கண்டக்டர் முன்னால் வந்து அந்தப் பெண்ணின் அருகில் நின்றார்.

"ஏம்மா, பிள்ள கக்கியிருக்குல்லா. ஒரு கவராவது கொண்டாந்திருக்கக் கூடாதா?"

"எம்பிள்ள கக்கலண்ணாச்சி. பாருங்க, துண்டு காஞ்சுதான் இருக்கு."

"அப்ப நானா கக்குனேன்?"

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, அருவில குளிக்கப் போறமா, இல்ல இதுலயேவா?" என்றார். பஸ் சிரித்தது. அந்தப் பெண் துண்டை விரித்து விரித்துக் காட்டினாள். குழந்தை அழுதது. "எறங்கி அடுத்த வண்டியில வாம்மா, இவ்வளவு ஜனம் இருக்குல்லா" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். இரண்டு பக்கமும் வயல் இருக்கிற இடத்தில், மழையில், குழந்தையோடு அவள் இறங்கினாள். அந்த நேரம் என் மூக்குக்குத் திடீரென்று தெரிந்தது. என் முந்தானைதான். எழுந்து "நான்தான், ஆய்வகத்தில் அமிலம் சிந்திவிட்டது" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் இறங்கின பிறகும் நாற்றம் போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, நீ ஒருவன் கவனித்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே. டீச்சர் என்று பாதி பஸ்ஸுக்கு என்னைத் தெரியும். டீச்சர்மேல் நாற்றம் அடிக்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் பதில். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, பவித்ராவோடு உனக்கு நடக்கப்போகிற கல்யாணத்துக்கு மண்டபம், பத்திரிகை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "அம்மா, தப்பா எடுத்துக்காத. மேடையில நில்லு. சம்பந்திப் பந்தியில மட்டும் ஒனக்குப் பதிலா அத்தை உக்காரட்டும்" என்றாய். பிறகு நீயே தொடர்ந்தாய். "இல்லன்னா இங்கன ஒரு ஆஸ்பத்திரியில விசாரிச்சுட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே குடலச் சேத்து விட்டுருதோம்னு சொல்லுதாங்க. பத்து நாள்ல வீட்டுக்கு வந்துரலாம். பை இருக்காது. பவித்ரா வீட்டுல நான் இன்னும் பை விஷயம் சொல்லலம்மா." நான் "யோசிக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யோசித்துவிட்டேன். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணைப் பெற்றவர்களும் பையனைப் பெற்றவர்களும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் இனிப்பு வைத்துச் சாப்பிடுவதைச் சொந்தபந்தம் முழுவதும் சுற்றி நின்று பார்க்கும். அந்த வரிசையில் நான் உட்காருவேன். அதற்கு முன்னால் எந்த ஆப்பரேஷனும் செய்துகொள்ள மாட்டேன். வயிற்றில் மலம் சேருகிற பையோடுதான் வருவேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ இப்படிப் பேச நானும் காரணம். போன ஐப்பசியில் குடல் அடைத்துக்கொண்டு, அவசரமாகத் திருநெல்வேலியில் சேர்த்து, புற்று இருந்த துண்டை வெட்டி எடுத்து, மேல் குடலின் முனையை இடது பக்க வயிற்றில் திறந்து பை மாட்டிவிட்டார்கள். மயக்கம் தெளிந்து நான் உன்னிடம் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? "யாரு கேட்டாலும் வயித்துல சின்ன ஆப்பரேஷன்னு சொல்லு." அந்த வார்த்தையைத்தான் நீ இன்றுவரை பவித்ரா வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மறைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

வைகாசியில் பாவூர்சத்திரத்தில் காதுகுத்து வீட்டில் நடந்ததை உன் அத்தை உன்னிடம் சொல்லியிருப்பாள். எப்படிச் சொன்னாளோ தெரியாது, நடந்தது இதுதான். புற்றுக்குக் கொடுத்த மருந்து ஆறு தவணையும் முடிந்து முதன்முதலாக ஒரு விசேஷத்துக்குப் போகிறேன். பட்டுச்சேலை மடிப்பு குலையக்கூடாது, வயிறு உப்பலாகத் தெரியக்கூடாது என்று பைக்கு மேலேயே உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினேன். நாடா பையைக் குறுக்கே நெரித்துவிட்டது. வருவது கீழே இறங்க இடமில்லாமல் மேலேயே தேங்கி, பசையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. பந்தியில் சாம்பார் ஊற்றும் நேரம். அத்தை என் காதில், "மைனி, பின்வாசல் வழியா போயிரும், யாரும் பாக்கல" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய், ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை. பையில் ஒரு குற்றமும் கிடையாது. ஒழுங்காக ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வெளியே வராது. குற்றம் நாடாவைக் கட்டின எனக்கு. இப்போது எல்லா உள்பாவாடையிலும் இடது பக்கம் ஒரு திறப்பு வெட்டி ஓரம் தைத்திருக்கிறேன். பை அதன் வழியாக வெளியே தொங்கும், நாடா பையைத் தொடாமல் அதற்கு மேற்பக்கமாகப் போகும். சேலை மடிப்பு அப்படியே நிற்கும். உன் அப்பா பார்த்துவிட்டு, "இத மட்டும் கடையில போட்டா நல்லா போகும்ட்டி" என்றார்.

அந்த ஒரு மாசத்துக்குள்தான் அடுத்தது வந்தது. உனக்கு அதை முழுதாகச் சொல்லவில்லை. பின்வழியாக ரத்தமும் சளியும் வர ஆரம்பித்தது. பைக்குக் கீழே எதுவும் போகாமல் மாசக்கணக்காக மூடிக்கிடந்த குடல் துண்டு அது. புற்று திரும்பிவிட்டது என்று நானும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திருநெல்வேலி போனோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எங்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டார்.

"டீச்சர், புண்ணு இருக்கு. ஆனா நீங்க பயப்படுத புண்ணு இல்ல. புற்று இல்ல. சும்மா கெடக்குற குடல் இது. பட்டினில புண்ணாயிருக்கு."

"பட்டினியா? நான் மூணு வேளையும் சாப்பிடுதேனே டாக்டர்."

"நீங்க சாப்பிடுதீங்க. அதுக்குப் போய்ச் சேரலல்லா. அதுக்கு வேண்டியது பியூட்டிரேட்."

நான் சிரித்துவிட்டேன். உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, டாக்டரு புண்ணுங்காரு, நீ சிரிக்க" என்றார். அவருக்கு எப்படித் தெரியும், இத்தனை வருஷமாகப் பிள்ளைகளின் மூக்குக்கு முன்னால் நான் ஆட்டிக் காட்டிய குப்பி அது என்று.

இதை உனக்கு விளக்கிச் சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடுகிறதில் கீரை நார், பருப்புத் தோல், வாழைக்காயின் மாவுச்சத்தில் ஒரு பங்கு, ஆறிப்போன சோற்றில் ஒரு பங்கு, இதெல்லாம் சிறுகுடலில் செரிக்காது. அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே காற்றுப் படாமல் வாழ்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கும். தோசை மாவு புளிக்கிறது அல்லவா, அதற்குத் தூரத்துச் சொந்தம். அப்போது வெளிவருவது சின்னச் சங்கிலி அமிலங்கள்: இரண்டு கார்பன், மூன்று கார்பன், நான்கு கார்பன். இரண்டு கார்பன்காரன் காடி என்கிற வினிகரில் இருக்கிறவன்தான். நான்கு கார்பன்காரன் நம்ம ஆள். உடம்பின் மற்ற இடமெல்லாம் ரத்தம் கொண்டுவருகிற சர்க்கரையை எதிர்பார்த்து இருக்கும்போது, பெருங்குடலின் உள்சுவர் மட்டும் தனக்கு வேண்டியதில் பெரும்பங்கைத் தன் மேல் வந்து விழுகிற இந்த அமிலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதை எரித்துத்தான் சுவரை இடைவெளி விடாமல் கட்டிக் காக்கிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. என் வயிற்றில் மலத்தைப் பாதியிலேயே பைக்குத் திருப்பிவிட்டார்கள். கீழே மிச்சமிருந்த துண்டுக்கு நாரும் வரவில்லை, அதனால் அமிலமும் இல்லை. சுவர் புண்ணாகிவிட்டது.

ஆப்பரேஷன் முடிந்த நாளிலிருந்து உன் அத்தை எனக்குப் பழைய சோற்றை நிறுத்தி, "நாத்தம் எடுக்கும் மைனி" என்று ரஸ்க்காகவே கொடுத்துவந்தாள். அவள்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் நியாயமில்லை. நான் ஒரு பானைப் பழைய சோற்றைச் சாப்பிட்டிருந்தாலும் அந்தத் துண்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இருந்தாலும் மேலே வேலை செய்கிற குடலுக்கு அது வேண்டும் என்பதால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இன்னொன்று, நீ போனில் அனுப்பினாயே, பியூட்டிரேட் மாத்திரை புற்றைத் தடுக்கும் என்று. கண்ணாடித் தட்டில் வளர்க்கிற புற்றுச் செல்களின் வேகத்தை அது குறைக்கிறது என்பது உண்மை. தட்டில் நடந்தது மனுஷ உடம்பில் அப்படியே நடக்கும் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. அதுவரைக்கும் நான் அவரைக்காயும் கீரையும் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

டாக்டர் எனக்குக் கொடுத்தது எது தெரியுமா? அதே அமிலத்தின் சோடியம் உப்புக் கரைசல். பின்வழியாகக் காலையும் மாலையும் செலுத்திக்கொள்ள வேண்டும். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, பாத்துக்கிடுவோம்" என்றுதான் கொடுத்தார். எனக்குக் கேட்டது. ரத்தம் நின்றுவிட்டது, சளி குறைந்திருக்கிறது. ஆனால் சுவர் இன்னும் முழுக்க ஆறவில்லை. குடலைச் சேர்த்தால்தான் முழுதாக ஆறும் என்பதையும் அவரே சொன்னார். "சேப்போம் டீச்சர், தைக்குப் பெறகு. இப்ப ரத்தம் கம்மியா இருக்கு, மருந்து முடிஞ்ச உடம்பு. அவசரப்பட்டுச் சேத்து, தையல் கசிஞ்சுதுன்னா வயிறு முழுக்க சீழ் வச்சுரும்." பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்கிற உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தக் குடலைப் பார்த்தார்களா? நான் தை மாசம் சேர்த்துக்கொள்வேன், என் உடம்புக்காக. ஒரு வேளை இலைக்கு முன்னால் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக ஆவணியில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள மாட்டேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

ஒரு மாசம் வாசலைத் தாண்டாதவள் இப்போது இவ்வளவு பேசுகிறாளே என்று நினைப்பாய். போன புதன்கிழமை கடையநல்லூரிலிருந்து மரியம் வந்திருந்தாள், என்னோடு தமிழ் டீச்சராக வேலை பார்த்தாளே, அவள்தான். "சீசன் போயிட்டிருக்கு, நீங்க வீட்டுக்குள்ள என்ன அடைகாக்குதீங்களா?" என்று கேட்டாள். டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். "தண்ணி நேரா வயித்துல அடிக்காமப் பாத்துக்கோங்க, ஓரமா நில்லுங்க, போங்க" என்றார். ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் வரிசையில் நைட்டியோடு நிற்கிறேன், நனைந்த துணியில் பை அப்படியே தெரிகிறது. பின்னால் நின்ற ஒரு அம்மாள் உற்று உற்றுப் பார்த்தாள். தென்காசிச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவளாம்.

"என்னக்கா இது வயித்துல?"

வழக்கமாகச் சொல்கிற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பை. மலம் இதுலதான் வருது" என்றேன்.

"நாறாதா?"

"இப்ப நாறுதா?"

அவள் உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தாள். "தேங்கா எண்ண வாசந்தான் வருது. எண்ண தேச்சுட்டு வந்திருக்கியளா? எண்ண தேச்சுக் குளிக்கக் கூடாதுல்லா, போலீஸ்காரம்மா பாத்தா சத்தம் போடும்." மரியம் சிரித்த சிரிப்பில் அந்தப் போலீஸ்காரம்மாவே திரும்பிப் பார்த்தார். அந்தக் காய்கறிக் கடைக்காரியே என் கையைப் பிடித்து, "ஏ, கொஞ்சம் ஒதுங்குங்கட்டி, அக்காவுக்கு வயித்துல ஆப்பரேஷன் பை இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தி, என்னை ஓரத்தில் முதுகு மட்டும் நனையும்படி நிறுத்தினாள். நாற்பது ஐம்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் முதுகில் விழுந்தது. பை ஒட்டின இடத்திலேயே இருந்தது.

பந்திக்கும் இப்படித்தான் வருவேன். உட்காருவதற்கு முன்னால் மண்டபத்துக் கழிப்பறையில் பையைக் காலிசெய்துவிடுவேன். மாற்றுப் பை ஒன்று அப்பாவின் கையில் இருக்கும். அவர் இப்போது என்னைவிட நேர்த்தியாக ஒட்டுகிறார். நடுவில் பையிலிருந்து சத்தம் வந்தாலும் வரும், அதை என்னால் நிறுத்த முடியாது. மேளக்காரர்கள் கொஞ்சம் ஓங்கி வாசிக்கட்டும். மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடும் சாப்பிடுவேன், இஞ்சித் துவையலோடு. பசை விட்டுப் போய் ஏதாவது ஆகிவிட்டால், எழுந்து, "எனக்குக் குடல்ல ஆப்பரேஷன், பை கசிஞ்சிட்டுது, மாத்திட்டு வாரேன்" என்று சம்பந்தி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன், முன்வாசல் வழியாக. திரும்பி வந்து அதே இலையில் உட்காருவேன். பக்கத்தில் குழந்தையோடு இருக்கிற யாரையும் பார்த்து ஊர் மூக்கைப் பொத்த விடமாட்டேன்.

கடைசியாகப் பவித்ரா. நீ யாரிடம் இதை மறைக்கிறாய் என்று எப்போதாவது யோசித்தாயா? அந்தப் பெண் கால்நடை டாக்டர். பெண் பார்க்கப் போனபோது, வர நேரமாகிவிட்டது என்று அவள் அம்மா சங்கடப்பட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? செங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பசுவின் வயிற்றுக்குள் கன்று குறுக்கே நின்றுகொண்டது என்று, தோள்வரைக்கும் கையை விட்டுத் திருப்பிவிட்டு, குளித்துவிட்டு வந்து நமக்குக் காப்பி கொடுத்தாள். நான் அவளிடம் மாட்டின் முதல் வயிற்றைப் பற்றிக் கேட்டேன். நீயும் அத்தையும் நெளிந்தீர்கள். அவள் அரைமணி நேரம் பேசினாள்: புல்லும் வைக்கோலும் அங்கே நொதித்து இந்தச் சின்னச் சங்கிலி அமிலங்களாகிறது, மாடு உயிர் வாழ்வதே பெரும்பாலும் அதில்தான், கன்றுக்குட்டியின் வயிற்றுச் சுவர் வளர்வதற்கு நான்கு கார்பன்காரன் வேண்டும் என்று. மனுஷப் பேச்சில் அந்த அமிலத்தின் பெயரை மரியாதையோடு சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவளுக்கு என் பையைப் பார்த்து அருவருப்பு வரும் என்று நீ பயப்படுகிறாயா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ இதை இத்தனை மாசம் மறைத்தாய் என்று பின்னால் தெரிந்தால்தான் அவளுக்கு அருவருப்பு வரும், அதுவும் என்மேல் வராது.

நான் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம். அவள் வீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம், அத்தையை உட்காரவைக்கச் சொல்லலாம். சொன்னாலும் நான் உட்காருவேன். ஆனால் பை விஷயம் நான் சொல்லி அவர்களுக்குத் தெரியக்கூடாது, ஊர் சொல்லியும் தெரியக்கூடாது. நீ சொல்ல வேண்டும். எனக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று தடவை லீவு போட்டு ஓடி வந்து, அந்தப் பையை இரண்டு முறை உன் கையால் கழுவியவன் நீ. உனக்கு அருவருப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு இருப்பது அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு இருந்த அதே வெட்கம்தான்.

இதைப் படித்த அன்று சாயங்காலமே பவித்ராவைப் போனில் கூப்பிடு. மண்டபம், பத்திரிகை எதையும் முதலில் எடுக்காதே. குரலைத் தாழ்த்தாமல், "எங்க அம்மா வயித்துல பை இருக்கு, அதோடதான் சம்பந்திப் பந்தியில உக்காருவாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பேசுகிறவரைக்கும் பேசாமல் இரு.

அம்மா